ஒரு கார்டு, மூணு மணி நேரம், ஒரு சண்டை: ‘ஷெஹரசாத்’ ரூல்ஸ் என்னதான் சொல்லுது?

“அடுத்த டர்ன்ல நீ என்னைக் கொன்னுடுவ. அதுக்கு முன்னாடி உனக்கு ஒரு கதை சொல்றேன், கேளு” என்று சொல்லித்தான் நண்பன் அந்தக் கார்டைக் கீழே போட்டான். சனிக்கிழமை ராத்திரி 10 மணி. அவனிடம் மிச்சமிருந்தது 1 லைஃப். என்னிடம் 9.

கதை முடியும்போது 12 மணி தாண்டியிருந்தது. அதில் யாரும் ஜெயிக்கவில்லை, டிரா. ஆனால், கார்டில் இருக்கும் ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ‘அவன் செத்தானா, இல்லையா’ என்று இன்னும் ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். பக்கத்து ரூமிலிருந்து சுவரைத் தட்டினார்கள்.

அந்தக் கார்டின் பெயர் ‘ஷெஹரசாத்’. ‘மேஜிக்: தி கேதரிங்’ ஆடுபவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் “அதை எடுத்துட்டு என் பக்கமே வராத” என்பார்கள்.

முதலில், மேஜிக் தெரியாதவர்களுக்கு…

ரம்மியில் எல்லோருக்கும் பொதுவான கட்டு. மேஜிக்கில் அப்படி இல்லை. ஆளாளுக்குச் சொந்தமாக ஒரு கட்டு கொண்டுவர வேண்டும். அதில் என்னென்ன கார்டு இருக்க வேண்டும் என்பதையும் நீங்களேதான் முடிவு செய்வீர்கள். பொதுவாகக் குறைந்தது 60 கார்டுகள். நீங்கள் ஒரு மந்திரவாதி, எதிரில் இருப்பவர் இன்னொரு மந்திரவாதி. நிலங்களைப் போட்டு ‘மேனா’ என்ற சக்தியை எடுக்கலாம். அந்தச் சக்தியைச் செலவழித்து பூதத்தை இறக்கலாம், தேவதையை அழைக்கலாம், நெருப்பை வீசலாம். இருவருக்கும் தொடக்கத்தில் 20 லைஃப், கையில் 7 கார்டு. எதிராளியின் லைஃப் பூஜ்ஜியமானால் ஜெயிச்சாச்சு. எடுக்க வேண்டிய நேரத்தில் கட்டில் கார்டு இல்லையென்றாலும் தோல்விதான்.

இதை உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட், கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1993 ஆகஸ்ட்டில் ‘விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. அதே வருடம் டிசம்பரில் வந்த முதல் கூடுதல் தொகுப்பு ‘அரேபியன் நைட்ஸ்’. ஆம், நம் வீட்டுப் பெரியவர்கள் ‘ஆயிரத்தொரு இரவுகள்’ என்று படித்த அதே கதைகள்தான். அலாவுதீன், அலிபாபா, சிந்துபாத் என எல்லோரும் கார்டாக வந்தார்கள். அவர்களோடு, அந்தக் கதைகளையெல்லாம் சொன்ன ஷெஹரசாத்தும் வந்தாள்.

அவள் கதை தெரியும்தானே? மணந்த பெண்ணை மறுநாள் விடிந்ததும் கொல்லும் ராஜா. அவனுக்கு ராத்திரி முழுக்கக் கதை சொல்லி, விடியும் நேரத்தில் முக்கியமான இடத்தில் நிறுத்திவிடுவாள். மிச்சத்தைக் கேட்பதற்காகவே அவளை இன்னொரு நாள் உயிரோடு விடுவான். கதைக்குள் கதை, அதற்குள் இன்னொரு கதை. விக்கிரமாதித்தன் கதைகளில் வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால், இதைச் சீட்டாட்டத்தில் எப்படிக் கொண்டுவருவது?

கார்ஃபீல்ட் செய்தது இதுதான்: ஆட்டத்துக்குள் ஒரு ஆட்டம்.

கார்டு என்ன செய்யும்?

இரண்டு வெள்ளை மேனா செலவழித்து, உங்கள் டர்னில் இதைப் போடலாம். போட்டதும் நடந்துகொண்டிருக்கும் ஆட்டம் அப்படியே உறைந்து நிற்கும். இருவரும் மிச்சமிருக்கும் கட்டை எடுத்து, கலைத்து, முதலிலிருந்து புதிதாக ஒரு மேஜிக் ஆட்டம் ஆட வேண்டும். உள் ஆட்டம் முடிந்த பிறகு வெளி ஆட்டத்துக்குத் திரும்பலாம். உள்ளே ஜெயிக்காதவர், வெளியே தன் லைஃபில் பாதியை இழப்பார்.

அவ்ளோதான் கார்டு. சொல்ல ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. ஆனால், ஆட உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடத்தில் முதல் கேள்வி வரும். மேஜிக்கின் முழு ரூல் புத்தகம் ஏறக்குறைய 300 பக்கம். அதில் ‘உள் ஆட்டம்’ என்று தனியாக ஒரு பகுதியே இருக்கிறது. எங்கள் சண்டைக்குப் பிறகு அதை மூன்று முறை படித்தேன் என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கையில் இருக்கும் கார்டுகளை உள்ளே கொண்டுபோகலாமா? கூடாது. கட்டில், அதாவது ‘லைப்ரரி’யில், இருப்பவை மட்டும்தான் உள்ளே போகும். கையில் இருப்பது, மேஜையில் இறக்கியது, செத்து ‘கிரேவ்யார்டு’க்குப் போனது எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். கையில் இருந்ததைக் கவிழ்த்து ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான். போடப்பட்ட ஷெஹரசாத்தும் வெளியேதான் நிற்பாள், கதை முடிந்த பிறகுதான் கிரேவ்யார்டுக்குப் போவாள்.

லைஃப்? உள்ளே புதிதாக 20. வெளியே நண்பனுக்கு 1 லைஃப்தான் என்றாலும் உள்ளே அவனும் 20, நானும் 20. யார் முதலில் ஆடுவது என்பதைக்கூட மறுபடி குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். வெளியே ஏதாவது மந்திரம் அமலில் இருந்தால் உள்ளே அது செல்லாது. உள்ளே நடந்ததும் வெளியே செல்லாது, அந்தப் பாதி லைஃப் தண்டனையைத் தவிர. “இந்த ஆட்டத்தில் நீ ஜெயிக்கிறாய்” என்று சொல்லும் கார்டு ஒன்றை உள்ளே போட்டால், உள் ஆட்டத்தை மட்டும்தான் ஜெயிப்பீர்கள்.

60 கார்டு குறைந்தபட்சம் என்கிற கணக்கு உள்ளே கிடையாது. கட்டில் 40 இருந்தால் 40, 15 இருந்தால் 15. ஆனால் ஏழுக்குக் கீழே இருந்தால் விபரீதம். ஆட்டம் தொடங்க 7 கார்டு எடுக்க வேண்டும், எடுக்கக் கார்டு இல்லை, அதனால் முதல் டர்னின் தொடக்கத்திலேயே தோல்வி. கார்டை மாற்றி எடுத்துப் பார்க்கிறேன் என்றாலும் தப்பிக்க முடியாது. எதிராளியின் கட்டு கரைந்துபோயிருக்கும் நேரம் பார்த்து ஷெஹரசாத்தைப் போட்டால், கதையே சொல்லாமல் பாதி லைஃபைப் பிடுங்கலாம். கொஞ்சம் அற்பத்தனம்தான், ஆனா ரூல் படி சரி.

உள் ஆட்டம் முடிந்ததும், உள்ளே எங்கே இருந்த கார்டாக இருந்தாலும் சரி, அவரவர் வெளி ஆட்டக் கட்டுக்குத் திரும்பிக் கலைக்கப்படும். புதிதாக ஆடுபவர்கள் தவறவிடுவது இதைத்தான். வெளியே கஷ்டப்பட்டு ஒரு நல்ல கார்டைத் தேடிக் கட்டின் மேலே வைத்திருந்தீர்கள் என்றால், போச்சு. அது இப்போது கட்டில் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பாதி என்றால் எந்தப் பாதி?

இழக்கும் பாதியை மேல் பக்கமாக முழு எண்ணாக்க வேண்டும். 9 லைஃப் இருந்தால் பாதி நாலரை. இழப்பது 5, மிஞ்சுவது 4. 20 லைஃப் உள்ளவர் தொடர்ந்து தோற்றால் 10, 5, 2, 1, பிறகு 0. ஐந்தே கதையில் ஆள் காலி. 1 லைஃப் இருப்பவர் தோற்றால் அந்த அரையும் 1 ஆகி, உயிர் போய்விடும். இது அடி அல்ல, நேரடி இழப்பு. அதனால், அடியைத் தடுக்கும் கார்டுகள் எதுவும் இங்கே உதவாது.

உள் ஆட்டத்தை எந்த நேரத்திலும் “போதும்டா, நான் தோத்துட்டேன்” என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். வெளியே பலமாக இருப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்வார்கள். பாதி லைஃபைக் கொடுத்துவிட்டு, கதையை நிறுத்திவிடுவது. ராஜாவுக்குக் கிடைத்த அதே வசதி, விலையோடு.

அன்றைக்கு எனக்கு அந்த வசதி இல்லை. நண்பனிடம் வெளியே ‘செர்ரா ஏஞ்சல்’ நின்றுகொண்டிருந்தாள். பறந்து வந்து 4 அடிப்பாள், தடுக்க என்னிடம் பறக்கும் ஆள் யாரும் இல்லை. உள்ளே நான் தோற்றால் என் 9 லைஃப், 4 ஆகும். ஷெஹரசாத் முடிந்ததும் அதே டர்னில் ஏஞ்சல் வருவாள், நான் முடிந்தேன். 1 லைஃபோடு இருந்தவன் நக்கலாகக் கதை சொல்லவில்லை, கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருக்கிறான். அது எனக்குப் புரிந்தபோது உள் ஆட்டத்தில் நான்கு டர்ன் ஓடியிருந்தது.

டிரா ஆனால்?

உள் ஆட்டத்தின் கடைசியில் அவனுக்கு 3 லைஃப், எனக்கு 2. அடுத்த டர்ன் அவனுக்குப் போனால் நான் தோற்பது உறுதி. என் கையில் ‘எர்த்க்வேக்’ இருந்தது. எவ்வளவு மேனா கொட்டுகிறோமோ அந்த அளவுக்கு, பறக்காத எல்லா ஜீவன்களுக்கும், இரண்டு ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்தே அடி கொடுக்கும் கார்டு. மூன்று அடிக்குப் போட்டேன். அவனும் பூஜ்ஜியம், நானும் பூஜ்ஜியத்துக்குக் கீழே. இருவரும் ஒரே நேரத்தில் தோற்றால் ஆட்டம் டிரா. ‘டிரா தானே, யாருக்கும் நஷ்டமில்லை’ என்று நினைத்துத்தான் போட்டேன், சத்தியமாக.

அப்புறம்தான் கார்டின் இன்றைய அதிகாரபூர்வ வாசகத்தை போனில் எடுத்து முழுசாகப் படித்தேன். அதில் ‘தோற்றவர்’ என்ற பேச்சே இல்லை. ‘ஜெயிக்காத ஒவ்வொருவரும்’ பாதி லைஃபை இழக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது.

டிராவில் யாரும் ஜெயிக்கவில்லை. அப்படியானால் இரண்டு பேருக்கும் வெட்டு. எனக்கு 9 போய் 4. அவனுக்கு 1 போய் 0.

“அதெப்படி? கார்டுல அப்படி இல்லையே” என்றான். எங்களிடம் இருந்தது ஒரிஜினல் இல்லை. 1993-ல் அச்சான கார்டின் படத்தை பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் செருகி வைத்திருந்தோம். மறுபடி அச்சடிக்க மாட்டோம் என்று நிறுவனம் வாக்குக் கொடுத்திருக்கும் பட்டியலில் ஷெஹரசாத்தும் இருக்கிறாள். அதனால் ஒரிஜினலின் விலை எங்கள் ரேஞ்சில் இல்லை. அந்த பிரிண்ட்டை எடுத்துப் பார்த்தால், அவன் சொன்னது சரி. பழைய வாசகம் உள் ஆட்டத்தில் ‘தோற்பவர்’ பற்றித்தான் பேசுகிறது. டிராவில் தோற்றவர் யார்? யாருமில்லை என்பது அவன் கட்சி. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் தோற்றதால்தானே டிராவே ஆச்சு, அப்போ ரெண்டு பேருமே தோற்றவர்கள்தான் என்பது நான் அவசரமாகக் கண்டுபிடித்த பதில்.

எது செல்லும்? இங்கே மேஜிக்கின் அடிப்படை ரூல் ஒன்று இருக்கிறது. கார்டில் அச்சான வாசகம் இறுதி அல்ல. ஒவ்வொரு கார்டுக்கும் ‘ஆரக்கிள்’ என்று அழைக்கப்படும் அதிகாரபூர்வ வாசகம் தனியாகப் பராமரிக்கப்படுகிறது. கார்டு எந்த வருடம் அச்சானதாக இருந்தாலும் ஆரக்கிள் சொல்வதுதான் சட்டம்.

அநியாயமாகத் தோன்றலாம். ஆனால், காரணம் இருக்கிறது. அரேபியன் நைட்ஸ் தொகுப்பில் ‘செரெண்டிப் எஃப்ரீட்’ என்று ஒரு கார்டு உண்டு. செரெண்டிப் என்பது அரபு வணிகர்கள் இலங்கைக்கு வைத்த பெயர். அது நீல நிறக் கார்டு. ஆனால் 1994-ல் ‘ரிவைஸ்டு’ பதிப்பில் மறுபடி அச்சடித்தபோது, தவறுதலாகப் பச்சைச் சட்டத்தோடும் வேறொரு பூதத்தின் படத்தோடும் வந்துவிட்டது. கையில் இருப்பது பச்சை என்பதற்காகப் பச்சை என்று ஆட முடியுமா? அது நீலக் கார்டுதான். அச்சுப் பிழை, பழைய நடை, மாறிப்போன ரூல்கள் என்று முப்பது வருடச் சுமையை ஆட்டம் சமாளிக்க, எல்லோரும் பார்க்கும் ஒரே வாசகம் வேண்டும்.

ஆக, ரூல் என் பக்கம். ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்தபோது பெரிதாக சந்தோஷப்பட முடியவில்லை. ரெண்டு மணி நேரம் கதை சொன்னவன், தான் படிக்காத ஒரு வரியால் செத்திருக்கிறான்.

கதைக்குள் கதைக்குள் கதை

உள் ஆட்டத்தில் இன்னொரு ஷெஹரசாத்தை எடுத்தால்? போடலாம். உள்ளுக்குள் இன்னொரு ஆட்டம் தொடங்கும். கட்டு சின்னதாகிக்கொண்டே போகும், மேஜை பெரிதாகிக்கொண்டே போகும். ஒரு கட்டில் ஒரே கார்டு நான்கு வரை வைக்கலாம் என்பதை நினைத்துப் பாருங்கள். அதைவிட மோசம், உள்ளே பயன்படுத்திய ஷெஹரசாத், அந்த ஆட்டம் முடிந்ததும் வெளிக் கட்டுக்கே திரும்புகிறாள். மறுபடி கைக்கு வரலாம், மறுபடி கதை சொல்லலாம்.

மந்திரத்தை நகலெடுக்கும் ‘ஃபோர்க்’ போன்ற கார்டை ஷெஹரசாத் மேல் போட்டால் கதைக்குள் கதை வராது, அடுத்தடுத்து இரண்டு கதை வரும். முதலில் நகலின் ஆட்டம், தோற்றவருக்குப் பாதி லைஃப் போகும், பிறகு அசலின் ஆட்டம். நான்கு பேர் ஆடும்போது ஒருவர் ஜெயித்தால் மற்ற மூன்று பேருக்கும் வெட்டு.

எனக்கு ரொம்பப் பிடித்த குழப்பம் ‘விஷ்’ கார்டுகள். 2002-ல் வந்த ‘ஜட்ஜ்மென்ட்’ தொகுப்பில் ‘பர்னிங் விஷ்’, ‘லிவிங் விஷ்’ என்று சில உண்டு. ‘ஆட்டத்துக்கு வெளியே’ உங்களுக்குச் சொந்தமாக இருக்கும் ஒரு கார்டை உள்ளே கொண்டுவரும். சாதாரண ஆட்டத்தில் ‘வெளியே’ என்றால் உங்கள் பெட்டி, ஓரமாக வைத்திருக்கும் உபரி கார்டுகள். ஆனால் உள் ஆட்டத்தில் இருக்கும்போது ‘வெளியே’ எது? வெளி ஆட்டமும் வெளியேதான்! லிவிங் விஷ் போட்டு, வெளி ஆட்டத்து மேஜையில் நிற்கும் உங்கள் சொந்த ஜீவனை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். அது வெளியே இருந்து கிளம்பியதால் ஏதாவது விளைவு நடக்க வேண்டுமென்றால், அது வெளி ஆட்டம் மறுபடி தொடங்கும்வரை காத்திருக்கும். பர்னிங் விஷ் போட்டால் வெளி ஆட்டத்து கிரேவ்யார்டில் கிடக்கும் மந்திரத்தைக்கூட எடுக்கலாம். உள் ஆட்டம் முடிந்ததும் அது வெளிக் கட்டுக்குள் போய்விடும். செத்த கார்டு, கதை வழியாக உயிரோடு திரும்பிவிட்டது.

நண்பனிடம் அன்று ஒரு லிவிங் விஷ் இருந்து, ஏஞ்சலை உள்ளே இழுத்திருந்தால் என் எர்த்க்வேக் வரைக்கும் போயிருக்காது. இதை அவனிடம் சொல்லவில்லை.

தடை ஏன்?

அதிகாரபூர்வப் போட்டிகளில் ஷெஹரசாத்தைப் பார்க்க முடியாது. 1994-ன் ஆரம்பகாலத் தடைப் பட்டியலிலேயே அவள் பெயர் இருந்தது. இடையில் தடை நீங்கியது, 2007-ல் மறுபடி வந்தது, இன்றுவரை நீடிக்கிறது.

‘விண்டேஜ்’ என்ற போட்டி வகையில் மேஜிக்கின் கிட்டத்தட்ட எல்லாப் பழைய கார்டுகளையும் ஆடலாம். ஆட்டத்தையே உடைத்துவிடும் பலம் கொண்ட ‘பிளாக் லோட்டஸ்’ஸைக்கூட ஒரு கட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஷெஹரசாத்துக்கு அந்த ஒன்றுகூடக் கிடையாது. அவள் பலசாலி என்பதால் அல்ல. போட்டியில் ஒரு சுற்றுக்குப் பொதுவாக 50 நிமிடம்தான். மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டிய சுற்றில் முதல் ஆட்டத்தை ஜெயித்தவர், இரண்டாவதில் கதைமேல் கதையாகச் சொல்லி நேரத்தைக் கரைத்தால் சுற்றையே எடுத்துவிடலாம். மேஜையில் இடம் வேறு பிரச்னை. இவர்கள் ஒரு சுற்றை முடிக்காமல், அடுத்த சுற்று யாருக்கும் தொடங்காது.

அதே பட்டியலில் ‘கேயாஸ் ஆர்ப்’ என்ற கார்டும் இருக்கிறது. அதை உயரத்திலிருந்து சுழற்றிப் போட வேண்டும், எந்தக் கார்டுகளின் மேல் விழுந்து தொடுகிறதோ அவை அழியும். தாயக்கட்டை உருட்டுபவர்களுக்குப் பிடித்திருக்கும். நடுவர்களுக்குப் பிடிக்கவில்லை.

போட்டிக்குத்தான் தடை, வீட்டில் ஆட யாரும் தடுக்கப்போவதில்லை. ஆடுவதாக இருந்தால் எங்கள் அனுபவத்திலிருந்து சில விஷயங்கள். உள் ஆட்டம் தொடங்கும் முன் வெளி மேஜையை போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எந்தக் கார்டு திரும்பியிருந்தது, எது நேராக இருந்தது என்று ரெண்டு மணி நேரம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது. கையில் இருந்த கார்டுகளின் மேல் கனமாக எதையாவது வையுங்கள், ஃபேன் காற்றில் எங்களுடையது பறந்தது. வெளி ஆட்ட லைஃபைப் பேப்பரில் எழுதுங்கள், பகடையில் வைக்காதீர்கள், உள் ஆட்டத்துக்கு அதே பகடையை எடுத்துவிடுவீர்கள். முக்கியமாக, கார்டின் ஆரக்கிள் வாசகத்தை ஆட்டத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து சத்தமாகப் படித்துவிடுங்கள்.

போன வாரம் நண்பன் மறுபடி வந்தான். பழைய பிரிண்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஆரக்கிள் வாசகத்தோடு புதிதாக பிரிண்ட் எடுத்து வந்திருந்தான், நாலு காப்பி. ‘ஜெயிக்காத’ என்ற இடத்தில் மஞ்சள் ஹைலைட்டர். மணி அப்போதே ஒன்பதரை. பக்கத்து ரூமுக்குப் போய் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தோம்.